பக்கத்துச் சீட்டில் திறக்குது, என் சீட்டில் திறக்கலை: ஃபோல்டர் பெர்மிஷன் அனுபவங்கள்

தொடங்கியவர்: சிஸ்டம் சர்வீஸ், கோவில்பட்டி

போன வாரம் ஒரு மருந்துக்கடை அண்ணாச்சி கடை திறந்த கையோட போன் போட்டார். "தம்பி, நீ மாட்டிக் குடுத்த புது சிஸ்டத்துல நான் உக்காந்தா பில் வருது, கடைப் பையன் உக்காந்தா வர மாட்டேங்குது. அவன் கைராசியா என்ன?"

நடந்தது இதுதான். அவரோட பழைய சிஸ்டத்துல மதர்போர்டு போயிருச்சு. ஹார்டு டிஸ்க் நல்லா இருந்ததால கழற்றிப் புது சிஸ்டத்துல ரெண்டாவது டிஸ்க்கா மாட்டினேன். பில் போடுற சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ் 7-ல அண்ணாச்சியோட டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டரா கிடந்தது. புது சிஸ்டத்துல அண்ணாச்சி லாகின்ல உக்காந்து அந்தப் பழைய டெஸ்க்டாப்புக்குள்ள போனா, 'உங்களுக்கு அனுமதி இல்லை, நிரந்தரமா அனுமதி வேணும்னா கன்டின்யூ அழுத்துங்க'ன்னு கேட்டுது. அழுத்தினேன். ஃபோல்டரை கட் பண்ணி அதே டிரைவ்ல வெளியே ஒட்டினேன். திறந்து பார்த்தேன், ஓடுச்சு. ஷார்ட்கட் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்துட்டேன்.

அந்த 'நிரந்தர அனுமதி' எனக்கு, அதாவது அண்ணாச்சி லாகினுக்கு மட்டும்தான். பையனுக்கு நான் தனியா ஒரு சாதாரண லாகின் போட்டுக் குடுத்திருந்தேன். அவனுக்கு அந்த ஃபோல்டர் பூட்டின வீடு. இன்னொண்ணு, ஒரே டிரைவுக்குள்ள கட் பண்ணி ஒட்டினா ஃபைலோட பழைய பெர்மிஷனும் (யார் திறக்கலாம், யார் எழுதலாம்ங்கிற அனுமதி) கூடவே வந்துரும். காப்பி பண்ணியிருந்தா போய்ச் சேர்ந்த இடத்தோட பெர்மிஷனை எடுத்திருக்கும். இத்தனை வருஷம் சர்வீஸ் பண்ணியும் எனக்கு இது அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு.

ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி. உள்ளே சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், அண்ணாச்சி பேரு. நாலாவதா கேள்விக்குறி போட்ட ஒரு பொம்மை, பக்கத்துல 'அக்கவுண்ட் அன்னோன்', எஸ்-1-5-21-ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு நம்பர். அது செத்துப்போன விண்டோஸ் 7-ல இருந்த அண்ணாச்சி. விண்டோஸ் ஆளைப் பேரை வச்சு ஞாபகம் வச்சுக்காது, நம்பரை வச்சுத்தான். புது சிஸ்டத்துல அதே பேர்ல லாகின் போட்டாலும் நம்பர் வேற, ஆளும் வேற.

சரின்னு 'யூசர்ஸ்' குரூப்புக்கு ரீட் அண்ட் எக்ஸிகியூட் மட்டும் டிக் பண்ணேன். ஓடத்தானே போகுது, படிச்சா போதாதான்னு ஒரு சிக்கனம். பையன் டபுள் கிளிக் பண்ணான். இப்ப வேற மெசேஜ்: ஃபைலை வேற யாரோ தனக்கு மட்டும்னு திறந்து வச்சிருக்காங்க, இல்லேன்னா உங்களுக்கு அனுமதி வேணும்.

பையன் முதல் பாதியை மட்டும் படிச்சான். "அண்ணே, யாரோ திறந்து வச்சிருக்காங்களாம்."

அண்ணாச்சி கல்லாவுல இருந்து, "நான் அப்பவே மூடிட்டேன்ப்பா"ன்னு சத்தியம் பண்றார். ரெண்டு தடவை ரீஸ்டார்ட். ஒருத்தரும் திறந்து வைக்கலை. அந்த சாஃப்ட்வேர் பழைய விஷுவல் பேசிக்ல எழுதினது, கணக்கெல்லாம் எம்டிபிங்கிற டேட்டாபேஸ் ஃபைல்ல இருக்கு. அந்த ஃபைலைத் திறக்குறப்ப, பக்கத்துலயே எல்டிபின்னு ஒரு குட்டி ஃபைலை உண்டாக்கி, யார் உள்ள இருக்காங்கன்னு குறிச்சு வைக்கும். கடைசி ஆள் மூடுறப்ப அதை அழிக்கும். ஆக, வெறும் பில்லைப் பார்க்கணும்னாலும் அந்த ஃபோல்டர்ல எழுதவும் அழிக்கவும் உரிமை வேணும். 'மாடிஃபை' டிக் போட்டேன், திறந்துருச்சு. ஃபுல் கன்ட்ரோல் தேவையே இல்லை. அதைக் குடுத்தா பெர்மிஷனையே மாத்துற உரிமையும் பையனுக்குப் போயிரும்.

சர்வீஸ் சார்ஜ் கேக்க வாய் வரலை, தப்பு என்னோடது. உங்க கதைகளையும் போடுங்க.

பதில்: மளிகை மொத்த வியாபாரம், விருதுநகர்

இதுக்கு எதுக்குங்க இத்தனை பெரிய பதிவு? ரைட் கிளிக், ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின் உரிமையோட ஓடிரும். நாங்க 6 வருஷமா அப்படித்தான் ஓட்டுறோம்.

தொடங்கியவர்

அண்ணே, ஓடும், இல்லேன்னு சொல்லலை. ஆனா அதுக்கு அட்மின் பாஸ்வேர்டைப் பையனுக்குச் சொல்லணும். சொன்ன பிறகு எதுக்குத் தனி லாகின்?

இன்னொரு சங்கடமும் இருக்கு. குடோன் சிஸ்டத்துல இருக்குற ஃபோல்டரை 'இசட்' டிரைவ்னு போட்டு வச்சிருப்போம்ல, அட்மினா ஓடுற புரோகிராமுக்குப் பல சமயம் அந்த டிரைவ் கண்ணுலயே படாது. சாதாரண லாகினுக்குப் போட்ட டிரைவ் வேற, அட்மினா உயர்த்தின பிறகு இருக்குற நிலைமை வேற. நம்ம ஆளுங்க 'நெட்வொர்க் கட் ஆயிருச்சு'ன்னு கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவாங்க.

பதில்: வரிக் கணக்கு அலுவலகம், ஈரோடு

எங்கள் அலுவலகத்தில் நடந்தது கொஞ்சம் பேய்க் கதை மாதிரி.

பழைய 32 பிட் சாஃப்ட்வேர் ஒன்று, நிறுவியிருந்தது புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில். புதுப் பதிப்பு வந்ததும் ஏற்றினோம். மூன்று பேர் லாகினில் திறந்தது. ஒரு அம்மா லாகினில் மட்டும் முகப்புப் படம் வந்து மறைந்துவிடும். அழித்துவிட்டு மறுபடி நிறுவினோம். மூடியது. நாலு தடவை செய்தோம், நாலு தடவையும் அதே கதை. விற்றவர்களுக்குப் போன் செய்தால், "உங்க சிஸ்டத்துல வைரஸ் இருக்கும் சார்."

கடைசியில் கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்த பையன் கண்டுபிடித்தான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எல்லோரும் அட்மினாகவே இருந்தோம், அந்தக் காலத்து சாஃப்ட்வேரெல்லாம் தன் சொந்த ஃபோல்டரிலேயே எழுதிப் பழகிவிட்டன. அடுத்து வந்த விஸ்டாவில், அட்மின் லாகினாக இருந்தாலும் தனியாக அனுமதி கொடுக்காமல் அந்த உரிமை இல்லை என்று கட்டினார்கள். கட்டிய கையோடு, பழைய சாஃப்ட்வேர்கள் படுத்துவிடக் கூடாதே என்று ஒரு தந்திரமும் வைத்தார்கள்: புரோகிராம் ஃபைல்ஸில் எழுதப் போனால், "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, அந்த ஃபைலை அவரவர் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மூலையில் போட்டுவிடும். அடுத்த முறை படிக்கும்போதும் அந்த மூலைப் பிரதிதான் முதலில் கிடைக்கும். சாஃப்ட்வேருக்கு இது எதுவும் தெரியாது.

அந்த அம்மா எப்போதோ செட்டிங்கை மாற்றியிருக்கிறார். அந்தப் பழைய பிரதி அவருடைய விர்ச்சுவல்ஸ்டோரில் உட்கார்ந்துகொண்டு, புதுப் பதிப்பை ஒவ்வொரு முறையும் கவிழ்த்தது. சாஃப்ட்வேரை எத்தனை முறை அழித்தாலும் அந்த மூலையை யாரும் தொடவில்லை. பையன் அந்த ஃபோல்டரை வேறு பெயருக்கு மாற்றினான், உடனே திறந்தது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே வேலையை டேட்டா ஃபைலுக்கும் செய்திருந்தால்? ஒரே சிஸ்டத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அன்று மாலையே எல்லாருடைய மூலையையும் திறந்து பார்த்தோம். நல்லவேளை, செட்டிங் ஃபைல் மட்டும்தான்.

பதில்: டிடிபி, சிவகாசி

எங்க கதையில பெர்மிஷன் நிரபராதி. ஆனா ரெண்டு நாள் அது மேலதான் பழி போட்டோம்.

புது சிஸ்டம் வாங்கினப்ப, ஆசையா லாகின் பேரைத் தமிழ்லயே போட்டேன். யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள என் பேரு தமிழ்ல அழகா நின்னுச்சு. பக்க வடிவமைப்புக்கு நாங்க வச்சிருக்கிறது யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் ஒரே நம்பர் பட்டியல்) முந்தின காலத்து சாஃப்ட்வேர். திறந்தா 'தற்காலிக ஃபைலை உருவாக்க முடியவில்லை'. உருவாக்க முடியலைன்னா பெர்மிஷன்தானேன்னு டெம்ப் ஃபோல்டருக்கு எல்லா டிக்கும் போட்டாச்சு. ஒண்ணும் நடக்கலை. ரன் ஆஸ் அட்மினும் பண்ணியாச்சு.

அந்த சாஃப்ட்வேர் கண்ணுக்கு என் பேரு '?????'-ன்னு தெரிஞ்சிருக்கு. அந்த மாதிரி ஒரு ஃபோல்டர் உலகத்துலயே கிடையாது, அப்புறம் எங்க போய் எழுதும்? ஜப்பான்காரனுக்கு இந்தத் தொல்லை வந்தா விண்டோஸ்ல 'யூனிகோடு அல்லாத புரோகிராம்களுக்கான மொழி'ன்னு மாத்திக்கலாம், அவன் மொழிக்குன்னு பழைய எழுத்துப் பட்டியல், அதாவது கோடு பேஜ், உண்டு. தமிழுக்கு விண்டோஸ்ல அப்படி ஒண்ணு கிடையாது, நமக்கு நேரா யூனிகோடுதான். டெம்ப் எங்கேங்கிற செட்டிங்கை சி டிரைவ்ல ஆங்கில எழுத்துல ஒரு ஃபோல்டருக்கு மாத்தினேன், திறந்துருச்சு. லாகின் பேரை மட்டும் மாத்தலை. என் பேரு, என் சிஸ்டம்.

பதில்: பொறியியல் மூன்றாம் ஆண்டு, கோயம்புத்தூர்

லினக்ஸ் ஆட்கள் யாரும் இல்லையா? நான் சொல்றேன்.

ஹாஸ்டல்ல ஒரு நாள் ஒரு சிஸ்டம் ஃபைலைத் திருத்தணும்னு டெக்ஸ்ட் எடிட்டரை சூடோ போட்டு, அதாவது அட்மின் உரிமையோட, திறந்தேன். வேலை முடிஞ்சது. மறுநாள் அதே எடிட்டரை ஐகான்ல தட்டினா திறக்கவே இல்லை. ஒரு எழுத்து எரர் கிடையாது. டெர்மினல்ல, அதாவது கட்டளை டைப் பண்ற விண்டோல இருந்து, கூப்பிட்டதும்தான் 'பெர்மிஷன் டினைட்'னு வந்துச்சு. (திறக்காத எதையும் முதல்ல டெர்மினல்ல இருந்து கூப்பிடுங்க, ஐகான் வாயே திறக்காது.) ரூட்டா, அதாவது லினக்ஸோட அட்மினா, ஓடினப்ப என் ஹோம்ல (என் சொந்த ஃபோல்டர்) இருக்குற கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள அது ஒரு சப் ஃபோல்டர் உண்டாக்கியிருக்கு. அதுக்கு ஓனர் ரூட். என் வீட்டுக்குள்ளயே எனக்குச் சாவி இல்லாத ஒரு ரூம்! சவுன் கட்டளையில ஓனரை என் பேருக்கு மாத்தினதும் சரி.

இதைப் பார்த்துக்கிட்டு இருந்த ரூம்மேட், "இதெல்லாம் வராம இருக்க ஒரே வழி இருக்குடி"ன்னு தன் லேப்டாப்ல ஹோம் முழுக்க சிஎச்மாட் 777 அடிச்சா. எல்லாருக்கும் எல்லா உரிமையும். ரெண்டு நாள் நிம்மதியா இருந்தா. மூணாவது நாள் ப்ராஜெக்ட் சர்வர்ல எஸ்எஸ்எச் மூலமா (வேற சிஸ்டத்துக்குள்ள நெட்வொர்க் வழியாப் போற புரோகிராம்) நுழையணும். அது அவளோட பிரைவேட் கீயை, அதாவது ரகசியச் சாவி ஃபைலைப் பார்த்துட்டு, இது ரொம்பத் திறந்து கிடக்கு, இதை ஏத்துக்க மாட்டேன்னு சொல்லிருச்சு. உரிமை கூடிப்போனதால ஒரு புரோகிராம் நின்னதை அன்னிக்குத்தான் பார்த்தேன். அந்தக் கீ இருக்குற ஃபோல்டருக்கு 700, கீக்கு 600, ரெண்டும் ஓனருக்கு மட்டும்னு போட்ட பிறகு உள்ள விட்டுச்சு. ஹோம் முழுக்க மட்டும் அடிச்சதால தப்பிச்சா. டிரைவோட வேர்ல இருந்து அடிச்சிருந்தா சூடோவே செத்திருக்கும். அதுக்கான செட்டிங் ஃபைலை யார் வேணா எழுதலாம்னு இருந்தா சூடோ ஓட மறுக்கும். சரி பண்ண சூடோ வேணும், சூடோவைச் சரி பண்ணவும் சூடோ வேணும்.

பதில்: அரசுப் பள்ளி ஆசிரியை

மதிப்பெண் பதிவு செய்ய நான் வைத்திருக்கும் சின்ன புரோகிராம், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எழுதும். திடீரென்று ஒரு நாள் திறக்கவில்லை. செக்யூரிட்டியில் பார்த்தால் எனக்கு ஃபுல் கன்ட்ரோல் இருக்கிறது. அட்மினாக ஓட்டினாலும் மறுப்பு. முதல் நாள் வீட்டுக்கு வந்த அக்கா மகன், "சித்தி, உங்க சிஸ்டத்துக்குப் பாதுகாப்பே இல்ல" என்று ஏதோ ஒரு ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போனான். அது 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்', தெரியாத புரோகிராம்கள் டாக்குமென்ட்ஸ் மாதிரி ஃபோல்டர்களில் எழுதாமல் தடுப்பது. 2017-இல் விண்டோஸ் 10-இல் வந்தது, நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். அது பார்ப்பது ஆளை அல்ல, புரோகிராமை. விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் என் புரோகிராம் பெயர் வரிசையாகத் தடுக்கப்பட்டதாக நின்றது. அனுமதிப் பட்டியலில் சேர்த்தேன். ஸ்விட்சை அணைக்கவில்லை. அவன் சொன்னதிலும் தப்பில்லையே.

தொடங்கியவர்

டீச்சர் சொன்னது புதுசு, குறிச்சு வச்சுக்கிட்டேன். மெசேஜே வராம மூடிக்கிற கேஸுக்கு நான் பிராசஸ் மானிட்டர்னு ஒண்ணு ஓட்டுவேன். மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ் தளத்துல இலவசமா கிடைக்கும். அந்த புரோகிராம் பேரையும், ரிசல்ட்ல 'ஆக்ஸஸ் டினைட்'ங்கிறதையும் ஃபில்டர் போட்டுட்டு டபுள் கிளிக் பண்ணா, எந்த ஃபோல்டர்ல முட்டிக்கிட்டு நிக்குதுன்னு காட்டிரும். மறுக்குற எல்லா வரியும் குத்தவாளி இல்லை, நல்லா ஓடுற புரோகிராமுக்கே நாலஞ்சு வரி வரும். மூடுறதுக்கு முன்னாடி கடைசியா வர்றதைப் பாருங்க.

பதில்: மளிகை மொத்த வியாபாரம், விருதுநகர்

தம்பி, நேத்து நான் சொன்னதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்குக் காலையில நம்ம கடையில மகன் லாகின்ல பில்லிங் திறக்கலை. போன தீபாவளிக்குப் புது சிஸ்டம் மாத்தினோம். பழைய டிஸ்க்தான் உள்ள இருக்கு.

தொடங்கியவர்

செக்யூரிட்டிக்குள்ள போய்க் கேள்விக்குறி போட்ட பொம்மை இருக்கான்னு பாருங்கண்ணே.

பதில்: மளிகை மொத்த வியாபாரம், விருதுநகர்

இருக்கு. ரெண்டு இருக்கு.

தொடங்கியவர்

ரெண்டு தடவை சிஸ்டம் மாத்தியிருப்பீங்க போல. எதையும் அழிக்காதீங்க, முதல்ல டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுங்க. கட் இல்லண்ணே, காப்பி.