மறு: ‘லாப் ரொட்டேஷன்’ – சுழற்சி சரிவராது, ‘பழகுதவணை’ எனலாமா?

(ஹட்டனிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக மடல்களை வாசிக்க மட்டும்தான் முடிந்தது. தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது, வெளியே மழை விட்டபாடில்லை, கரண்ட் வேறு வந்து வந்து போகிறது. அதனால் கொஞ்சம் முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி மாணவர் ஓர் ஆய்வுகூடத்தைத் தெரிவு செய்யமுன் சில கூடங்களில் மாறி மாறி வேலை செய்து பார்ப்பதுதான் ‘லாப் ரொட்டேஷன்’. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் இந்தக் குழுவில் கேட்டிருந்தேன். இதுவரை வந்த சொற்கள்: சென்னை ஐயா ‘ஆய்வகச் சுழற்சி’ என்றார். கண்டி டொக்டர், ஆஸ்பத்திரியில் நாங்கள் ‘அப்பொயின்ட்மென்ட்’ என்றுதான் சொல்கிறோம், அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்னொருவர் ‘ஆய்வுகூடச் சுற்று’. ஒரு தம்பி விளையாட்டாக ‘பெண் பார்க்கும் படலம்’ என்று எழுதி நாலு பேரைச் சிரிக்கவைத்தார். அவர் விளையாட்டாகச் சொன்னதுதான் விஷயத்துக்குக் கிட்டப் போனது என்பது என் எண்ணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை ஏன் கிளப்பினேன் என்று முதல் மடலில் நான் சொல்லவில்லை. என்னிடம் உயிரியல் படித்த ஒரு பிள்ளை பேராதனையில் சிறப்புப் பட்டம் முடித்து, இப்போது அமெரிக்காவில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் போயிருக்கிறாள். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். போன ஞாயிறு ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“டீச்சர், புள்ள என்னமோ ரொட்டேஷன்னு சொல்லுது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எடம் மாத்துவாங்களாம். நம்ம பெரட்டுல பேரக் கூப்பிட்டு, இன்னைக்கி நீ அந்த மலைக்குப் போ, நாளைக்கி இந்த மலைக்குப் போன்னு பிரிச்சி விடுவாங்களே, அந்த மாதிரியா?”

(மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: காலையில் ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு யாருக்கு என்ன வேலை என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. மலை என்றால் தேயிலை நட்ட ஒரு பகுதி.)

நானும் பெரிய கலைச்சொல் ஆள் மாதிரி, “அது சுழற்சிமுறைப் பயிற்சிம்மா” என்றேன். “சுழற்சின்னா?” “சுத்தி வர்றது.” அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. “அப்ப எம்புள்ளயச் சுத்த விடுறாங்க.”

அதற்குமேல் எனக்குச் ‘சுழற்சி’யில் மனம் ஒட்டவில்லை. ஒரு தாய் பயந்துவிட்டார் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளவும் முடியாது, நல்ல சொல் சில சமயம் புதிதில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் பயந்ததில் ஒரு நியாயம் இருந்தது. சுழற்சியில் சுழலுகிறவருக்கு விருப்பு வெறுப்பு இல்லை. யாரோ சுழற்றுகிறார்கள், இவர் சுழல்கிறார். அங்கே நடப்பது நேர் எதிர்.

அங்கே பொதுப் பணத்தில் நடக்கும் பல பெரிய பல்கலைக்கழகங்களில், மிச்சிகன், வட கரோலைனா மாதிரியான இடங்களில், உயிர்மருத்துவ மாணவர்கள் முதலில் ஒரு பொது வாசலால் நுழைகிறார்கள். உயிர் இரசாயனமா, நிர்ப்பீடனவியலா (நோயெதிர்ப்பைப் பற்றிய படிப்பு), நரம்பியலா என்று அன்றைக்கே முடிவு செய்யத் தேவையில்லை, பேராசிரியரும் அன்றைக்கே அமைந்துவிடுவதில்லை. முதல் வருடத்தில் பெரும்பாலும் மூன்று ஆய்வுகூடங்களில், ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்து வாரம் வேலை செய்கிறார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் என்ன செய்தேன் என்று பேசிக் காட்டுவார்கள். கடைசியில் மாணவி ஒரு கூடத்தைக் கேட்க வேண்டும், அந்தக் கூடத்துப் பேராசிரியரும் சரி என்று சொல்ல வேண்டும். அடுத்த நாலைந்து வருடம் அங்கேதான். தம்பியின் பகிடி இதனால்தான் சரி, பார்ப்பது இரண்டு பக்கமும்.

அந்த அம்மாவின் அடுத்த கேள்வி இன்னும் கூர்மை. “அந்த ரெண்டு மாசத்துக்குப் பேர் விழுமா?” பேர் என்றால் எங்கள் பக்கம் ஒரு நாள் வேலைக்கான பதிவு, அரைப் பேர், முழுப் பேர் என்று இருக்கிறது. விழும் என்றேன். முதல் வருட உதவித்தொகை பெரும்பாலும் பேராசிரியரின் பையிலிருந்து வருவதில்லை, பட்டப்படிப்புத் திட்டத்திடமிருந்து வருகிறது. இதற்கு 1974 இல் அங்கே தேசிய ஆராய்ச்சிச் சேவை விருதுக்கென்று வந்த சட்டமும் ஒரு காரணம். அதன்கீழ் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கொடுக்கும் பயிற்சிக் கொடை தனி ஒரு ஆய்வுகூடத்துக்குப் போகாமல் பயிற்சித் திட்டத்துக்கே போகிறது. காசு ஒருவர் கையில் இல்லாதபடியால்தான் மாணவிக்கு ‘இந்த இடம் எனக்குச் சரிவராது’ என்று சொல்ல வாய் வருகிறது. சொல் ஆக்கும்போது இதை விட்டுவிடக் கூடாது.

சரி, சுழற்சிக்கு வருகிறேன். ஐயா பயிர்ச்சுழற்சியை உதாரணம் காட்டினார். பயிர்ச்சுழற்சியில் நிலம் அப்படியே இருக்கும், பயிர்தான் மாறும், மாறி மாறி முதல் பயிர் திரும்பவும் வரும். இங்கே பயிர் நிலத்தை மாற்றிப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் வேர் விடுகிறது, திரும்பிச் சுற்றுவதில்லை. ‘சுற்று’ விளையாட்டுப் போட்டிக்குப் போய்விடும், இரண்டாம் சுற்றில் தோற்றுவிட்டாளா என்று கேட்பார்கள்.

அந்த எட்டு வாரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? அந்தப் பிள்ளை அனுப்பிய குரல் பதிவை நான் கேட்டேன். முதல் கூடத்தில் இரண்டாம் வாரம் ஜெல் (டீஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் பிரிக்கும் கூழ்த் தகடு) ஓட விட்டிருக்கிறாள், வயரை மாற்றிக் குத்திவிட்டாள். டீஎன்ஏக்கு எதிர் மின்னேற்றம், அது நேர் மின்வாயை நோக்கித்தான் ஓடும். மாறிக் குத்தினால் குழியிலிருந்து பின்பக்கமாக வெளியே ஓடித் தாங்கற் கரைசலில் கரைந்து போய்விடும், ஜெல்லில் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஒரு நாள் வேலை போச்சு. பக்கத்து மேசையில் இருந்த மூத்த மாணவர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, நானும் செய்திருக்கிறேன் என்று சொல்லி, சிவப்பு வயர் போகும் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாராம். இரண்டாவது கூடத்தில் இதைவிடச் சின்னப் பிழை. அங்கே யாரும் திட்டவில்லை, ஒருவரும் ஒன்றும் பேசவில்லை, அடுத்த நாள் கூட்டத்தில் மட்டும் அது ஒரு கேள்வியாக வந்ததாம். “டீச்சர், எனக்கு எது சரின்னு அப்பவே தெரிஞ்சிருச்சு” என்கிறாள்.

ஆக அவள் ஜெல் ஓட்டப் பழகுகிறாள், மனிதரோடும் பழகுகிறாள். இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைதான். நாங்கள் கார் பழகுகிறோம், தையல் பழகுகிறோம், ஆளோடும் பழகுகிறோம். ‘பயிற்சி’யில் இந்த இரண்டாவது பொருள் கிடையாது.

அப்புறம் காலம். அது என் மேசையிலேயே கட்டாகக் கிடந்தது: தவணை. முதலாம் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் வாழ்ந்த அளவு. மூன்று தவணை ஒரு வருடம், மூன்று ரொட்டேஷனும் ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு.

எனவே என் முன்மொழிவு: பழகுதவணை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, நடுவில் ‘த்’ மிகாது. பழகிய, பழகுகின்ற, பழகும் தவணை, மூன்று காலமும் உள்ளே இருக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “முதலாம் பழகுதவணையை நிர்ப்பீடனவியல் ஆய்வுகூடத்தில் முடித்தாள்.” “இந்த வருடம் எங்கள் கூடத்தில் இரண்டு பழகுதவணை மாணவர்கள்.” முடிவில் பேசும் உரைக்குத் தவணையுரை. நாக்கில் தடுக்கவில்லை.

கொஞ்சம் சொந்தக் கதை. நானும் முன்பு ஓர் இடத்தில், இடம் எது என்பது வேண்டாம், ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து முதுதத்துவமாணிக்கு (எம்.பில்.) பதிந்தேன். ஒரு விளம்பரம், ஒரு நேர்முகம், ஒரு மேற்பார்வையாளர். சம்பளமும் அவருடைய கொடையில், பட்டமும் அவருடைய கையெழுத்தில். மூன்றாம் மாதமே எங்கள் இருவருக்கும் ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்திருக்கும், பாவம். ஒன்றரை வருடம் இருவரும் இழுத்தோம். ஒழுங்கான எட்டு வாரம் இருந்திருந்தால் இருவரும் சிரித்த முகத்தோடு பிரிந்திருக்கலாம். நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அந்த வழியாகத்தான், அதில் வருத்தமில்லை, ஆனால் இந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் சொந்த வழக்கும் இருக்கிறது என்பதை ஒளிக்கவில்லை.

(கண்டியிலிருந்து)

டீச்சர், என் ‘அப்பொயின்ட்மென்ட்’டை மீளப் பெறுகிறேன். ஆனால் ஒரு வரம்பு போட வேண்டும். மருத்துவ மாணவர் வார்டு வார்டாகப் போவதையும் பழகுதவணை என்று யாரும் எழுதிவிடக் கூடாது. எங்களுக்குத் தெரிவு கிடையாது, மருத்துவம், சத்திரசிகிச்சை, பிள்ளைநலம், மகப்பேறு எல்லாவற்றையும் கடந்தே ஆக வேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல இடமில்லை. முடித்த பின் உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், ஆறு ஆறு மாதமாக இரண்டு இடம், அதுவும் பட்டியல்படிதான். அதற்கு ஐயாவின் சுழற்சி நன்றாகப் பொருந்தும். நீங்கள் சொன்ன ‘சுத்த விடுறாங்க’வும் பொருந்தும், அதை என் மேலதிகாரிகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பிள்ளையைப் ‘பட்டதாரி மாணவி’ என்று எழுதப் போகிறார்கள். அங்கே ‘கிராஜுவேட் ஸ்டூடன்ட்’ என்ற ஆங்கிலச் சொல் பட்டத்துக்குப் பின் படிக்கிறவரைக் குறிக்கும், இங்கே பட்டம் முடித்தவரை. பட்டப்பின் மாணவி என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

(சென்னையிலிருந்து)

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வினைத்தொகை அழகு. ஆனால் ‘தவணை’ எங்களூரில் நேராகக் கடைக்குப் போய்விடும். ஃபிரிட்ஜ், பைக், மாதத் தவணை, வட்டி! இங்குள்ள மாணவரிடம் பழகுதவணை என்றால் கல்விக் கடன் என்று நினைப்பார். ஏற்கெனவே உங்கள் கலம் எங்கள் செல், உங்கள் இழையம் எங்கள் திசு, உங்கள் நுணுக்குக்காட்டி எங்கள் நுண்ணோக்கி, உங்கள் நிறமூர்த்தம் எங்கள் குரோமோசோம். இன்னொரு சொல்லிலும் பிரிய வேண்டுமா? ‘பழகு’ எனக்கு முழுச் சம்மதம், எங்கள் போக்குவரத்துத் துறையே பழகுநர் உரிமம் என்றுதான் சொல்கிறது. ‘பழகுபருவம்’ எனலாமா?

(ஹட்டனிலிருந்து)

ஐயா, இங்கேயும் டிவி தவணைக்குத்தான் வாங்குகிறோம், தவணைக்காரர் சம்பள நாளில் லயத்து வாசலில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அதே வீட்டில் பிள்ளை மூன்றாம் தவணைக்குப் படிக்கிறது, யாரும் குழம்பியதில்லை. இரண்டிலும் அடியில் இருப்பது குறித்த காலம் என்ற ஒரே பொருள்தான். ‘பருவம்’ உங்கள் பக்கம் செமஸ்டருக்குப் போய்விட்டதே, ஒரு செமஸ்டருக்குள் இரண்டு பழகுபருவம் வந்தால் என்ன செய்வீர்கள்? அதைவிடப் பழகுபருவம் என்றால் எங்கள் உயர்தரப் பிள்ளைகள் வேறு ஏதோ நினைத்துச் சிரிப்பார்கள், வகுப்பை அடக்க வேண்டியது நான்.

சொற்கள் பிரிவது எனக்கும் கவலைதான். ஆனால் குழாயி (பிப்பெட்), அளவி (பியூரெட்), முகவை (பீக்கர்) என்று இங்கே பிள்ளைகள் எழுதுகிற சொற்களை யாரும் மேலிருந்து திணித்ததாக எங்களுக்குத் தோன்றுவதில்லை, பழகிவிட்டது. விபுலானந்த அடிகள் இங்கே பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943 இல் வந்தவர், உங்கள் பக்கத்துக் கலைச்சொல் வேலையிலும் இருந்தவர். அதற்கும் முன்னால், 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிற பட்டப்பின் படிப்புக்கு நாம் ஒரு சொல் செய்ய நாலு நாள் மல்லுக்கட்டுவதை அவர் பார்த்தால் என்ன நினைப்பாரோ.

டொக்டரின் வரம்பு முழுக்கச் சரி. தெரிவு இருந்தால் பழகுதவணை, இல்லாவிட்டால் சுழற்சி. நம் கலைச்சொற் பட்டியலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிடுகிறேன். ஐயாவின் பழகுபருவத்தை ‘தமிழ்நாட்டில்’ என்ற குறிப்போடு சேர்க்கலாம், அவர் பிடிவாதமாக இருந்தால்.

அந்த அம்மாவை நேற்று பஸ்ஸில் கண்டேன். போன கிழமை விளக்கிச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், மனதில் ஏறியதோ தெரியவில்லை என்று நினைத்தேன். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “டீச்சர், புள்ளைக்கி ரெண்டாந் தவண முடிஞ்சிருச்சாம், மூணாந் தவண வேற எடமாம், அதுக்கப்புறம் அதுவாப் பாத்து முடிவு பண்ணுமாம்” என்றார். ‘பழகு’வைக் காணவில்லை, நான் திருத்தவும் இல்லை. எனவே பட்டியலில்: பழகுதவணை, பேச்சில் தவணை.

ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். விடைத்தாள் இன்னும் நாற்பது மிச்சம்.