பத்தாத் கேட்டால் உருளைக்கிழங்கு வாங்கி வந்த கதை

ரோஸ் ஹில் மருமகள்:

திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மொரீஷியஸ் வந்தவள் நான். வந்த வருடம் தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அத்தை போனில் கூப்பிட்டு, "வரும்போது ரெண்டு கிலோ பத்தாத் வாங்கிட்டு வா" என்றார்கள். கல்லூரியில் கொஞ்சம் பிரெஞ்சு படித்த திமிரில், பத்தாத் என்றால் உருளைக்கிழங்குதானே என்று கத்ர் போர்ன் சந்தையில் நல்லதாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு போனேன். பையைத் திறந்து பார்த்த அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இங்கே உருளைக்கிழங்குக்குப் பொம்தெத்தேர் என்று பெயர். பத்தாத் என்றால் நம்ம சீனிக்கிழங்கு. ஊரில் பொங்கலுக்குப் படையலில் வைப்போமே, அதே சர்க்கரைவள்ளி!

அவர்கள் செய்ய நினைத்தது காத்தோ பத்தாத். இந்த ஊர்த் தீபாவளித் தட்டில் அது இல்லாமல் இருக்காது. பார்த்தால் நம்ம சோமாசிதான்: பிறை வடிவம், உள்ளே தேங்காய்ப்பூவும் சீனியும் ஏலக்காயும். சிலர் வனிலா சேர்ப்பார்கள். மேல்மாவில்தான் வித்தியாசம், வேகவைத்த கிழங்கை மசித்து அதில் மைதா சேர்த்துப் பிசைவது.

அடுத்த வருடம் நானே செய்கிறேன் என்று முன்னால் போனேன். கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, குக்கரில் நிறையத் தண்ணீர் விட்டு நாலு விசில். சொதசொதவென்று வந்தது. கையில் ஒட்டுகிறதே என்று மைதாவைப் போடப் போட, கடைசியில் கிழங்கு எங்கே என்று தேடவேண்டிய நிலை. சீனிக்குப் பதில் வெல்லம் போட்டால் ஊர் ருசி வருமே என்று ஒரு ஆசை வேறு. எண்ணெயில் போட்டதும் வெல்லம் இளகி ஓரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, எண்ணெய் கறுத்து, வீடு முழுக்கக் கருகல் வாசம். தப்பிப் பிழைத்தவை பல்லை உடைக்கிற மாதிரி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

இப்போது பழகிவிட்டது. கிழங்கைத் தோலோடு முழுசாக இட்லிப் பானையில் ஆவியில் வைப்பேன். சூடாக இருக்கும்போதே தோலை உரித்து, நார் இருந்தால் எடுத்துவிட்டு, கட்டியில்லாமல் மசித்து நன்றாக ஆறவிடுவேன். ஆறிய பிறகுதான் மைதா, அதுவும் கையில் ஒட்டாத அளவுக்கு மட்டும். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. டம்ளரால் வட்டம் வெட்டி, பூரணம் கொஞ்சமாக வைத்து மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திவிடவேண்டும். கிழங்கிலேயே சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் சிவந்துவிடும், தீ நிதானமாக இருக்கட்டும். பூரணத்தை வாய் வரை திணிப்பது பேராசை, வெடிக்கும்.

உங்கள் வீடுகளில் எப்படி? சொதப்பின கதையானாலும் சரி, சொல்லுங்கள்.

திரியோலே தாத்தா:

மகளே, என்னுடையது பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். வீட்டில் மொரீஷியஸ் பேச்சுமொழியான கிரியோல்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

என் அம்மா காத்தோ பத்தாத் செய்தால் தெருவே வாங்கித் தின்னும். ஆனால் அம்மா ஒன்றைக்கூட வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. காரணம் ரொம்பப் பிறகுதான் சொன்னாள். யுத்தத்துக்கு முன்னால் இந்தத் தீவுக்கு அரிசி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுபோனது. கரும்பு நட்ட நிலத்தில் மரவள்ளி, சோளம், பத்தாத் போடச் சொன்னது சர்க்கார். அம்மாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். காலையில் பத்தாத், இரவில் பத்தாத். சோறு எப்போது வரும் என்று அழுதாளாம். ஒரு ஆயுளுக்குத் தின்னவேண்டியதை அப்போதே தின்றுவிட்டேன் என்பாள்.

எனக்கு அந்த வெறுப்புக் கிடையாது. 1960 பிப்ரவரி கடைசியில் கரோல் புயல் வந்தபோது எனக்கு ஏழு வயது. கூரை போனது, வாழை சாய்ந்தது, கரும்பு படுத்துவிட்டது. மண்ணுக்கு அடியில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது. அப்பா கொல்லையில் தோண்டி எடுத்து அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் சுட்ட பத்தாத் வாசம் வந்தால் அந்த ஈரச் சுவர்தான் கண்முன் வரும்.

இன்னொன்று. கொடியின் இலையையும் சமைக்கலாம். நாங்கள் பிரெத் பத்தாத் என்போம். நுனித் தளிராகப் பறித்து, பூண்டும் வெங்காயமும் போட்டு வதக்கினால் போதும். கிழங்கை வாங்குகிறவர்கள் இலையை மறந்துவிடுகிறார்கள்.

டர்பன் வாசி:

வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வந்து ஆறு வருடமாகிறது, தனிக்கட்டைச் சமையல். நான் செய்த தப்பு, கிழங்கை ஃபிரிட்ஜில் வைத்தது. ஒரு வாரம் கழித்து வேகவைத்தால் நடுவில் மட்டும் வேகாமல் கட்டையாக நின்றது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். பாவம் அவர்! வெப்பமண்டலக் கொடிக்கு அந்தக் குளிர் ஆகாது. 12, 13 டிகிரிக்குக் கீழே போனாலே உள்ளே கெடும். காற்றோட்டமான கூடையில் வைத்தால் போதும்.

இரண்டாவது தப்பு மைக்ரோவேவ். ஐந்து நிமிடத்தில் வெந்தது, இனிப்பே இல்லை. பிறகு அலுவலக நண்பர் வீட்டுப் பிராய்க்கு, அதாவது தணலில் சுட்டுச் சாப்பிடும் விருந்துக்குப் போனபோது, அவருடைய அம்மா கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றித் தணலோரம் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தேன் மாதிரி இருந்தது. கிழங்கில் உள்ள ஒரு நொதி, சுமார் 60லிருந்து 75 டிகிரிச் சூட்டுக்குள் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. அந்தச் சூட்டை அவசரமாகத் தாண்டினால் அதற்கு வேலை செய்ய நேரம் இருக்காது. தாத்தாவின் அப்பா சாம்பலில் புதைத்தாரே, அதே கணக்குதான்.

இங்கே அதிகம் கிடைப்பது ஊதாத் தோல், உள்ளே வெளிர்நிறம். வெந்தால் மாவாக இருக்கும், பிசைய நல்லது. ஆரஞ்சு நிறக் கிழங்கு ஈரமாக வருகிறது, மைதா நிறையக் கேட்கிறது. அதைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ரோஸ் ஹில் மருமகள்:

தாத்தா எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அம்மாவும் அப்படித்தான், மரவள்ளியைக் கண்டாலே எழுந்து போயிடுவா" என்றார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது.

சனிக்கிழமை சந்தையில் பிரெத் பத்தாத் ஒரு கட்டு கேட்டு வாங்கினேன். முற்றிய காம்பை எல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, நம்ம ஊர்ப்படி துவரம்பருப்போடு கடைந்து சீரகம் தாளித்தேன். வீட்டுக்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அத்தைக்கு மட்டும் உப்புக் குறைச்சலாம்.