மலைப்பாதைச் சவாரிக்குக் குதிரையைப் பழக்கும்போது: வார்ப்புண், குளம்பு, கொள்ளு

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து

மழை விட்டு மண் இறுகிய கையோடு நம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்குக் கால் நிற்காது. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான் இங்கே சவாரிக்கு நல்ல காலம். பங்குனி பிறந்துவிட்டால் தருமபுரி, ஊத்தங்கரைப் பக்கமெல்லாம் காலையிலேயே பாறை சுட ஆரம்பித்துவிடும். அந்த நாலு மாதத்துக்குள் தயார் செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் பாதித் தொல்லைகள் வருகின்றன.

என்னுடையது ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற பெண் குதிரை. இந்த மாதிரிக் குதிரைகளில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாரும் எலும்பும் குளம்பும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். குதிரை 'போகலாம் போகலாம்' என்று முறுக்கிக்கொண்டு நிற்கும், கால் இன்னும் தயாராகியிருக்காது. அதனால் தூரத்தைக் கூட்டுகிற வாரத்தில் வேகத்தைக் கூட்டுவதில்லை. புதிதாக ஓர் ஏற்றத்தைச் சேர்த்தால் தூரத்தைக் குறைத்துவிடுவேன். முக்கால்வாசி நேரம் வெறும் நடைதான். பார்ப்பவர்களுக்குச் சவாரி மாதிரியே தெரியாது, பரவாயில்லை.

முதலில் தலைகாட்டியது வார்ப்புண். சேணத்தை இறக்கியதும் முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால், வயிற்று வார் அழுந்துகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பது வழக்கம். ஒருநாள் அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி எதிர்த்து நின்றது, தோல் சூடாக இருந்தது. விரல் பட்டதும் வெடுக்கென்று சிலிர்த்தாள். வாரைத் திருப்பிப் பார்த்தால், உள்பக்கத் துணி பழைய வியர்வை காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. அதன் இழையில் ஊசிப்புல் விதை ஒன்று முனை வெளியே தெரியக் குத்தி நின்றது. களிம்பு தேடுவதற்கு முன்னால் வாரைத் துவைத்தேன். புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவிக் காற்றாட விட்டேன். தோல் சமமாகும்வரை சேணம் கிடையாது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததுதான். வேப்பெண்ணெய் தடவினால் ஈ வராது, உண்மைதான். ஆனால் எண்ணெய் தடவிய இடத்தில் வாரைக் கட்டினால் புழுதி அப்பி இன்னும் மோசமாகும்.

பழக்க ஆரம்பித்தபின் குதிரைக்கு உடம்பு மாறும், வயிறு இறங்கும், முதுகில் சதை ஏறும். போன மாதம் பொருந்திய சேணம் இந்த மாதம் பொருந்தாது. அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை பார்க்கப் போகிறவர்கள் முதுகுத் திமிலின் இரண்டு பக்கமும் வெள்ளை முடித் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு சேணம் அழுத்திய இடத்தில்தான் பெரும்பாலும் அப்படி வெள்ளை முளைக்கும்.

உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

பென்னாகரத்திலிருந்து

அண்ணா, உங்களுக்கு வார், எங்களுக்குக் குளம்பு. எங்கள் ஊர் வண்டிப்பாதை முழுக்கக் கருங்கல் ஜல்லி. என்னிடம் இருப்பது நாட்டு மட்டக்குதிரை, கல் மாதிரிக் குளம்பு, லாடமே வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு காலை லாயத்தில் மூன்று காலில் நிற்கிறான். வலது முன்னங்காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறான். எலும்பு முறிந்துவிட்டது என்றே வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். குளம்பைத் தொட்டால் மற்ற மூன்றைவிட நல்ல சூடு. கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி திம் திம் என்று அடித்தது. கால்நடை மருத்துவர் வந்து அடிக்குளம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினார். ஓரிடத்தில் கருப்பாக ஒரு கோடு. அதைத் தொடர்ந்து சீவவும் சாம்பல் நிறத்தில் சீழ் பீச்சியடித்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. கல் குத்திய காயம் உள்ளுக்குள்ளேயே பழுத்திருக்கிறது. வடிந்த சற்று நேரத்தில் காலை ஊன்றிவிட்டான். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்பு போட்டுக் காலை ஊறவைப்பது, மண் படாமல் கட்டிவிடுவது, அவ்வளவுதான். டெட்டனஸ் ஊசியும் போட்டார். மற்ற கால்நடைகளைவிடக் குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வரும், சின்னக் காயம் போதும்.

வலி மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'பியூட் (ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து) கொடுத்துவிட்டு ஏறிப் போ' என்கிறவர்கள் இருக்கிறார்கள். வலி போகும், ஆனால் காயம் அங்கேயேதான் இருக்கும். அதன்மேல் நம் எடையும் சேணத்தின் எடையும் ஏறும். மருத்துவர் எழுதிக் கொடுத்து, ஓய்வோடு கொடுத்தால் சரி. சவாரிக்காகக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

லேசான நொண்டலா என்று சந்தேகம் வந்தால் கெட்டியான சமதரையில் யாரையாவது குதிரையைப் பிடித்துக்கொண்டு சின்ன ஓட்டத்தில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நின்று பார்த்தால் தெரியாதது அப்போது தெரிந்துவிடும்.

தளியிலிருந்து

எங்கள் ஊரில் ஈரம்தான் எதிரி. மழைக்காலத்தில் அடிக்குளம்பின் நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கிற பகுதி அழுகிக் கருப்பாகப் பிசுபிசுக்கும். கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடித்துவிடும். தினமும் தோண்டிச் சுத்தம் செய்து, லாயத்தில் சாணியும் மூத்திரமும் தேங்காமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து

தீனியைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். கொள்ளுக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமில்லை. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழியே இருக்கிறது என்பதற்காகக் குதிரைக்கு அள்ளிப் போடுகிறோம். காய்ந்த கொள்ளை அப்படியே வைத்தால் அவசரமாக விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், மூக்கு வழியாகத் தீனியும் எச்சிலும் வழியும். ஊறவைத்தோ வேகவைத்தோதான் வைக்க வேண்டும்.

இன்னொன்று, வேலை இல்லாத நாளிலும் அதே அளவு கொள்ளு. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் குதிரைக்கு இதுதான் நடந்தது. நல்ல வேலை செய்துகொண்டிருந்த குதிரை, ஊர்த் திருவிழாவுக்காக இரண்டு நாள் கட்டியே கிடந்தது, தீனி குறையவில்லை. மறுநாள் வெளியே ஏறிப் போனதும் பாதியில் பின்பக்கம் மரக்கட்டை மாதிரி இறுகி நின்றுவிட்டது. வியர்வை கொட்டுகிறது, மூத்திரம் காப்பி நிறத்தில் போகிறது. இந்த நிலையில் நடத்தி வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது. நின்ற இடத்திலேயே நிழல், தண்ணீர், மருத்துவர். அவர்கள் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழைத்தார்கள், குதிரை பிழைத்தது. நான் இப்போது ஓய்வு நாளுக்கு முந்தின ராத்திரியே கொள்ளைப் பாதியாக்கிவிடுவேன், வைக்கோலையும் புல்லையும் குறைப்பதில்லை.

மாட்டுத் தீவன மூட்டையும் கோழித் தீவன மூட்டையும் குதிரை எட்டாத இடத்தில் இருக்கட்டும். அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாடு தாங்கும், கோழி தாங்கும். குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயத் தசை கெட்டுவிடும், மாற்று மருந்து கிடையாது. வீட்டில் மாடு, கோழி, குதிரை மூன்றும் வைத்திருக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய, அதனால் சொல்கிறேன்.

நெடுஞ்சாலை ஓரமும் பூந்தோட்ட வேலியும் முழுக்க அரளி. போகிற போக்கில் ஒரு வாய் கடிக்க விடாதீர்கள். வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையிலும் விஷம் போகாது.

ஊத்தங்கரையிலிருந்து

அக்கா சொன்னதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்கிறேன். 'சூடான குதிரைமேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே, நரம்பு இழுத்துக்கொள்ளும்' என்று எங்கள் பெரியப்பா அடித்துச் சொல்வார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் கடும் வெயிலில் நடக்கப் போகிறது என்பதால் அதற்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றுவதால் தீங்கில்லை, சூடுதான் வேகமாக இறங்குகிறது என்று தெரிந்தது. உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கவும் கொடுக்கலாம்.

குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம். உப்பு இறங்கிப் போன குதிரைக்குத் தாகமே சரியாக எடுக்காது, தொட்டியில் தண்ணீர் இருந்தும் குடிக்காமல் நிற்கும். அதனால் ஊறவைத்த தவிட்டில் கல்லுப்பைக் கலந்து தினமும் கொடுக்கிறேன். கொளுத்துகிற வெயிலில் ஒரு குதிரை வியர்க்காமல் மூச்சு மட்டும் வாங்கினால் மெச்ச வேண்டாம், உடனே நிழலுக்குக் கூட்டிப்போங்கள்.

சவாரி முடிந்ததும் தாடைக்குக் கீழே நாடி பிடித்துப் பாருங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். இறங்கிக் கால்மணி நேரத்தில் 60-க்குக் கீழே வந்துவிட்டால் அன்றைய வேலை அதற்குத் தாங்கியது என்று அர்த்தம். வராவிட்டால் நாளைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து

நாடி விஷயம் நல்லது தம்பி. நான் அதோடு காலையில் காய்ச்சலும் பார்ப்பேன். 37.5 முதல் 38.5 டிகிரி வரை சரி. மாட்டு ஈ அதிகமாக மொய்க்கும் பருவத்தில் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, வயிற்றுக்கு அடியிலும் காலிலும் வீக்கம் கண்டால் சர்ரா என்ற, ஈ கடித்துப் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அது ரத்தப் பரிசோதனை வேண்டிய விஷயம், கைவைத்தியத்துக்கு வராது.

அப்புறம், அஞ்செட்டிப் பக்கம் காட்டுப் பாதையில் போகலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. யானை நடமாட்டமும் இருக்கிறது. காட்டுக்கு வெளியே ஏரிக்கரையும் வண்டிப்பாதையும் பழக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

பென்னாகரத்துத் தம்பி லாடம் கட்ட யாரிடம் போகலாம் என்று தனியாகக் கேட்டிருந்தார். மாட்டுக்கு லாடம் கட்டுகிறவரிடம் குதிரையைக் கொண்டுபோக வேண்டாம், அந்த வேலை வேறு, இந்த வேலை வேறு. எனக்குப் பெங்களூரிலிருந்து ஒருவர் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். ஒரு குதிரைக்காக இவ்வளவு தூரம் வர அவருக்குக் கட்டுப்படியாகாது. ராயக்கோட்டை, தளி, பென்னாகரம் எல்லாம் சேர்ந்து நாலைந்து குதிரை தேறினால் ஒரே நாளில் முடித்துவிடலாம். வருகிறவர்கள் குதிரைக்கு இப்போது லாடம் இருக்கிறதா, வெறும் குளம்பா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவர் அதற்கேற்ற அளவுகளில் எடுத்து வருவார்.