மேசையில் நால்வர், இணையத்தில் இருவர்: வரைபடமும் ஒலியும் ஒத்துவரவில்லை, உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் கேம் மாஸ்டராக நடத்தும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் நால்வர் என்னுடன் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள்; இருவர் வேறு ஊர்களிலிருந்து இணையம் வழியாகச் சேர்கிறார்கள். ஆட்ட வரைபடத்தைத் திரையில் காட்டும் ஃபவுண்ட்ரி மென்பொருள் என் மடிக்கணினியில் ஓடுகிறது. 43 அங்குல 4கே தொலைக்காட்சியை மேசைமேல் படுக்கவைத்து, என் திரையை அப்படியே அதில் காட்டுகிறேன். இதனால் நான் மறைத்து வைத்த பகைவர்களும் இரகசியக் கதவுகளும் எல்லோர் கண்ணிலும் பட்டுவிடுகின்றன. கட்டங்களும் ஓர் அங்குல அடிப்பாகமுள்ள எங்கள் சிற்றுருவங்களுடன் பொருந்தவில்லை. இவற்றைவிட என்னை வருத்துவது ஒலிதான். நால்வரும் தத்தம் கருவியிலிருந்து குரல் அழைப்பில் சேர்ந்தால் எதிரொலி தாங்க முடியவில்லை. என் மைக் மட்டும் இருந்தால் மேசையின் மறுமுனைப் பேச்சு போய்ச் சேர்வதில்லை. சென்ற அமர்வில் வெளியூர் நண்பர்கள் இருவரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாய் திறக்கவே இல்லை.

மறுமொழி 1

உங்கள் கேம் மாஸ்டர் கணக்கையே தொலைக்காட்சியும் காட்டுவதுதான் முதல் சிக்கலின் வேர். திரையைப் பிரதிபலிக்காமல் இரண்டாம் திரையாக நீட்டிக்கொண்டு, ‘மேசை’ என்ற பெயரில் சாதாரண ஆட்டக்காரர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். ஒரே உலாவியில் இரு கணக்குகள் ஒன்றையொன்று வெளியேற்றிவிடும் என்பதால், அந்தக் கணக்கை வேறோர் உலாவியில் திறப்பது நல்லது. குழுவின் பாத்திரங்கள் அனைத்துக்கும் அதற்குப் பார்வையாளர் உரிமை கொடுத்தால், எந்த டோக்கனையும் (வரைபடத்தில் பாத்திரத்தைக் குறிக்கும் சின்னம்) தேர்ந்தெடுக்காத நிலையில் எல்லோருடைய பார்வையும் சேர்ந்து தெரியும். காட்சியில், அதாவது ஃபவுண்ட்ரியில் திறந்திருக்கும் வரைபடத்தில், சுவர்கள் வரையப்பட்டு, டோக்கன் பார்வை இயக்கப்பட்டிருக்க வேண்டும். இரகசியக் கதவுகள் ஆட்டக்காரர் கணக்கில் வெறும் சுவராகவே தெரியும்.

அளவுக்கு வருவோம். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 37.5 அங்குலம், 3840 பிக்சல்களை அதனால் வகுத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 102 பிக்சல்கள். காட்சியின் கட்ட அளவு 100 பிக்சலாக இருந்தால், உருப்பெருக்கம் 1 என்ற நிலையில் கட்டம் ஏறக்குறைய ஓர் அங்குலமாகவே நிற்கும். ஆனால் இயங்குதளம் 4கே திரைகளில் எழுத்தையும் படத்தையும் தானாகப் பெரிதாக்கும் வழக்கமுள்ளது. அத்திரைக்கு அதை 100 சதவீதமாக மாற்றுங்கள்.

மறுமொழி 2

ஒலிக்கு ஒரே விதி: ஓர் அறைக்கு ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி. மேசையில் இருப்போர் யாரும் தனியாக அழைப்பில் சேரக் கூடாது. எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வாங்கும் கூட்ட அழைப்புக் கருவியை நடுவில் வையுங்கள்; மைக்கும் ஒலிபெருக்கியும் ஒரே கருவியில் இருப்பதால், தான் வெளியிடும் ஒலியை அறிந்து அதைக் கழித்துவிடும். செயலியின் இரைச்சல் நீக்கத்தை அணைத்துப் பாருங்கள். அருகிலுள்ள ஒரு குரலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட அத்தகைய வசதி, தள்ளி அமர்ந்தவரின் பேச்சையும் இரைச்சலாகக் கருதி விழுங்கக்கூடும். எதிரொலி நீக்கத்தை மட்டும் அணைக்க வேண்டாம்.

உங்கள் நண்பர்களின் மௌனத்துக்குக் கருவி மட்டும் காரணமல்ல என்பது என் உறுதியான எண்ணம். இணையத்தில் வரும் குரல் சற்றுப் பிந்தியே சேர்கிறது. அவர் வாய் திறப்பதற்குள் மேசையில் ஒருவர் பேசத் தொடங்கிவிடுவார். சில முறை இப்படி நேர்ந்தால் எவரும் ஒதுங்கிவிடுவார். சண்டை நடக்காத வேளையிலும் முறை வைத்து, அவ்விருவரையும் முதலில் பெயர் சொல்லி அழைத்துக் கேளுங்கள். சிற்றுருவங்களை நகர்த்தினால் அதே கணத்தில் டோக்கனையும் நகர்த்துங்கள். இல்லையேல் அவர்கள் பழைய வரைபடத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மேசைக் கணக்கு சரியாக இயங்குகிறது. வெளியூர் நண்பர்களை முதலில் கேட்கத் தொடங்கியதும் அவர்களே திட்டம் வகுக்கும் அளவுக்கு மாறிவிட்டார்கள். கட்டம்தான் இன்னும் சற்றுப் பெரிதாக உள்ளது. திரையின் ஓரங்களும் வெட்டுப்படுகின்றன.

மறுமொழி 1

தொலைக்காட்சி படத்தை விளிம்புக்கு அப்பால் நீட்டுகிறது. அதன் பட அமைப்பில் ஓவர்ஸ்கேன் வசதியை அணைத்துவிட்டு, அளவுகோலைத் திரைமேல் வைத்துப் பத்துக் கட்டங்களைச் சேர்த்து அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அணைத்தேன். பத்துக் கட்டங்கள் 9.8 அங்குலம், சிற்றுருவங்கள் கட்டத்துக்குள் அமர்கின்றன.