மறுமொழி: சிஆர்பி வடிவங்களுக்குச் சொல் – "ஒற்றைப்படி" பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் நோயாளிக் கையேட்டுக்காக, அழற்சியின்போது இரத்தத்தில் கூடும் சிஆர்பி (சி-ரியாக்டிவ் புரதம்) எடுக்கும் வடிவங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ஐந்து துணையலகுகள் (புரதச் சங்கிலிகள்) சேர்ந்திருப்பது பென்டமெரிக், தனியாகப் பிரிந்தது மோனோமெரிக். உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

> பென்டமெரிக், மோனோமெரிக் என்பவற்றை ஐம்படி, ஒற்றைப்படி என்றே வைத்துக்கொள்ளலாமே. பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள்தானே.

இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இந்த இடத்தில் அது வாசகரைத் தவறான பக்கம் இழுத்துப் போகும். வேதியியல் படித்தவருக்கு ஒற்றைப்படி என்றால் எத்திலீன். அதைக் கோத்துக்கொண்டே போனால் பாலித்தீன். முதலில் ஒன்று, பிறகு பல என்ற வரிசை மனதில் பதிந்துகிடக்கிறது. நாம் பேசும் சிஆர்பியில் வரிசை தலைகீழ். கல்லீரல், இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் சைகைப் புரதத்தின் தூண்டுதலால் இதை உண்டாக்கும்போதே ஐந்து துணையலகுகளை வட்டமாகக் கட்டித்தான் இரத்தத்தில் விடுகிறது. ஒவ்வொன்றிலும் 206 அமினோ அமிலங்கள், ஐந்தும் ஒரே அச்சு. அவற்றுக்கிடையே சகப்பிணைப்பு கிடையாது. அழற்சி நடக்கும் இடத்தில், தூண்டப்பட்ட தட்டணுக்களின் சவ்விலோ சேதமான செல்லின் சவ்விலோ போய் ஒட்டிய பிறகுதான் கட்டு குலைகிறது. ஆக, நமக்குப் பெயர் வேண்டியது கட்டுமானப் பொருளுக்கு அல்ல, கட்டிலிருந்து கழன்று வந்ததற்கு.

இலங்கை நண்பர் சொன்ன "ஒருபகுதியம்" மீதும் எனக்கு இதே தயக்கம்தான்.

இதைவிட முக்கியமானது, கழன்று வருவது பழைய துணையலகாகவே இருப்பதில்லை என்பது. 1980களில் ஆய்வாளர் லாரன்ஸ் பொட்டெம்பாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைத்தான் காட்டினார்கள்: யூரியாவில் இட்டுப் பிரித்த சிஆர்பியில், முழுக் கட்டில் இல்லாத புதிய ஆன்டிஜென் முகங்கள் (எதிர்ப்பொருள் பிடிக்கும் இடங்கள்) தெரிந்தன. ஒன்றைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் மற்றதைப் பிடிக்காத அளவுக்கு வேற்றுமை. இந்த வடிவம் எளிதில் கரையாது. திசுவில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தமனிச் சுவரின் கொழுப்புப் படிவிலும் மாரடைப்பில் சேதமான இதயத் தசையிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் வரும் சிஆர்பி எண்ணோ இரத்தத்தில் ஓடும் ஐந்தின் கட்டுடையது. கழன்றதன் வடிவமும் இயல்பும் இப்படி மாறிவிடுவதால் "தனி சிஆர்பி" என்றாலும் பாதிதான் சொன்னதாகும்.

> நடுவில் ஒரு வடிவம் இருக்கிறதாமே, அதற்கு?

இருக்கிறது. ஐந்தும் இன்னும் பிரியவில்லை, ஆனால் பிடி தளர்ந்துவிட்டது. உள்ளே மறைந்திருந்த இடங்கள் வெளித்தெரிய, நோயெதிர்ப்புக்கு உதவும் நிரப்புப் புரதத் தொடரின் முதல் கண்ணியான சி1க்யூ அங்கே வந்து பற்றிக்கொள்கிறது. 2017ல் வெளியான ஓர் ஆய்வு இதை விரிவாக விளக்கியது. ஆங்கிலத்தில் இதற்குத் தனிச்சொல் வைக்காமல் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

என் முன்மொழிவு: ஐங்கட்டு சிஆர்பி, நெகிழ் சிஆர்பி, அவிழ் சிஆர்பி.

பின்னிரண்டும் வினைத்தொகை. காலம் காட்டாதது இங்கே வசதி: ஒரே மூலக்கூறு கட்டாக இருந்து, நெகிழ்ந்து, அவிழ்வதைத்தானே சொல்லப்போகிறோம்.

> ஐயுறுப்பி?

பார்க்க அழகுதான். ஆனால் கண் முதலில் "ஐயுறு" என்றல்லவா படிக்கிறது! நோயாளிக் கையேட்டில் சந்தேகப் புரதம் வேண்டாம்.

> அவிழ்ந்ததை "கெட்ட சிஆர்பி" என்று எளிமையாகச் சொல்லிவிடலாம், கெட்ட கொழுப்பு மாதிரி.

இதை வன்மையாக மறுக்கிறேன். பிறவியிலேயே மரபணு காரணமாகச் சிஆர்பி கூடுதலாக உள்ளவர்களுக்கு அதனால் மாரடைப்பு கூடவில்லை என்று பெரிய மரபியல் ஆய்வுகள் காட்டிவிட்டன. இரத்தத்தில் உள்ள அளவு நோயின் அடையாளம். அதுவே காரணம் என்பதற்கு ஆதரவில்லை. திசுவில் அவிழ்ந்தது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி, அதில் இன்னும் வாதம் ஓடுகிறது. கடையில் வாங்கிய சிஆர்பியை வைத்துச் செய்த பழைய சோதனைகள் சிலவற்றில், அதில் கலந்திருந்த பாக்டீரிய நச்சும் சோடியம் அசைடு என்ற பதப்படுத்தியும் காட்டிய விளைவுகள் சிஆர்பியின் கணக்கில் எழுதப்பட்டன. தீர்ப்பைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டால் பிறகு அழிக்க முடியாது.

> ஹைசென்சிடிவிட்டி சிஆர்பி நான்காவது வடிவமா?

இல்லை. அதே ஐங்கட்டுதான், அளக்கும் முறைதான் நுட்பமானது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ், 1 முதல் 3, 3க்கு மேல் என்று 2003ல் அமெரிக்க வழிகாட்டி இதய ஆபத்தைப் பிரித்தது. அவ்வளவு சிறிய அளவைப் பிடிக்க வேண்டுமே! அடைமொழி சோதனையோடு ஒட்டட்டும்: சிஆர்பி நுண்ணளவுச் சோதனை.

"சி"யைத் தமிழாக்க வேண்டியதில்லை. 1930ல் நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் கண்ட பொருள் இது. நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் "சி" கூறோடு சேர்ந்து வீழ்படிவானதால் வந்த எழுத்து. கொரோனா காலத்துக்குப் பிறகு சிஆர்பி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரிகிறது.

---

மறுமொழி:

ஐயா, ஐங்கட்டும் நெகிழும் சரி. "அவிழ்" பற்றி ஒரு கேள்வி. புரதம் மடிப்புக் குலைவதையும் "மடிப்பவிழ்தல்" என்று எழுதுகிறோம். குழம்பாதா? யாழ்ப்பாணத்தில் அவிழ் என்றால் எங்கட அம்மம்மாவுக்குச் சோற்றுப் பருக்கைதான் நினைவுக்கு வரும்!

---

மறுமொழி:

பருக்கை பொருட்டில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மடிப்பவிழ்தல் பற்றிய கேள்வி நியாயமானது. இங்கே பிரிவது, வடிவம் மாறுவது இரண்டும் நடக்கின்றன, ஆனால் மடிப்பு முழுவதும் குலைவதில்லை. "கட்டவிழ் சிஆர்பி" என்று நீட்டினால் எது அவிழ்ந்தது என்பதும் தெரிந்துவிடும், ஐங்கட்டோடும் இணைகிறது. கையேட்டின் அடுத்த படியில் அப்படியே மாற்றி அனுப்புகிறேன். படத்தில் எழுத்து இடிக்கும் இடத்தில் மட்டும் "அவிழ்" போதும்.