ஆக்செஸ் ஃபார்மிலிருந்து 7-ஜிப்: ஒரு மெஷினில் எர்ரர் 53, இன்னொன்றில் பழைய ஜிப்

கேள்வி:
வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ் 2016 (டேட்டாபேஸ் புரோகிராம்). பட்டனை அழுத்தினால் மாத விற்பனை குவெரி சிஎஸ்வி ஃபைலாக எக்ஸ்போர்ட் ஆகும். அதை விபிஏ கோடில் ஷெல் ஃபங்ஷன் வழியாக 7-ஜிப்பில் (ஃபைலைச் சுருக்கும் புரோகிராம்) சுருக்கி, அடுத்த வரியில் ஃபைல்காப்பி மூலம் சர்வர் ஃபோல்டருக்கு அனுப்புகிறேன். ஜிப்பின் பெயர் எப்போதும் ஒன்றே. 7-ஜிப் இருக்கும் இடத்தை, விண்டோஸ் வைத்திருக்கும் பாதைகளைக் கேட்டு வாங்கும் என்விரான் ஃபங்ஷனில் "புரோகிராம்ஃபைல்ஸ்" கொடுத்து எடுக்கிறேன்.

64 பிட் ஆபீஸ் மெஷினில் எர்ரர் எதுவும் இல்லை, ஆனால் ஃபைல் பெரிதானால் சர்வருக்குப் போவது போன மாத ஜிப். 32 பிட் ஆபீஸ் மெஷினில் ஷெல் வரியிலேயே எர்ரர் 53. இரண்டுமே 64 பிட் விண்டோஸ் 10. இரண்டிலும் 64 பிட் 7-ஜிப்தான். என்ன காரணம்?

பதில் 1:
53 என்றால் ஃபைல் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அதற்குக் காரணம் அந்த என்விரான் வரி. 32 பிட் ஆக்செஸ் கேட்டால் விண்டோஸ் "புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)" ஃபோல்டரைத்தான் திருப்பித் தரும். உங்கள் 7-ஜிப் அங்கே இல்லை. "புரோகிராம்டபிள்யூ6432" என்று கேளுங்க, இரண்டு ஆபீஸிலும் ஒரே பதில் வரும். ஷெல்லுக்கு முன்னால் டிர் ஃபங்ஷனில் ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முழு பாதையையும் மெசேஜ் பாக்ஸில் காட்டிவிடுங்க.

பதில் 2:
பழைய ஜிப் போவது வேறு கதை. ஷெல் புரோகிராமைக் கிளப்பிவிட்டு உடனே திரும்பிவிடும், வேலை முடியும்வரை நிற்காது. ஏற்கெனவே இருக்கும் ஜிப்பைப் புதுப்பிக்கும்போது 7-ஜிப் தற்காலிக ஃபைலில் எழுதி, முடிந்த பிறகுதான் பழையதை மாற்றும். அதற்குள் உங்கள் ஃபைல்காப்பி ஓடிவிடுகிறது.

இரண்டு மாற்றம். முதலில் கில் ஸ்டேட்மென்ட் போட்டுப் பழைய ஜிப்பை அழியுங்க. 7-ஜிப் தோற்றாலும் பழையது சத்தமில்லாமல் போகாது. அடுத்து, ஷெல்லை விட்டுவிட்டு டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல் ஆப்ஜெக்டின் ரன் மெத்தடுக்கு வாங்க. மூன்றாவது ஆர்க்யுமென்ட் ட்ரூ என்றால் முடியும்வரை காத்திருந்து எக்ஸிட் கோடைத் தரும், அதாவது வேலை எப்படி முடிந்தது என்று 7-ஜிப் சொல்லும் எண். 0 நல்லது, 1 எச்சரிக்கை (ஏதோ ஒரு ஃபைல் திறந்திருந்ததால் விடுபட்டிருக்கலாம்), 2 பெரிய கோளாறு, 7 கட்டளை தவறு, 8 மெமரி போதவில்லை. 0 வந்தால் மட்டும் காப்பி. இரண்டாவது ஆர்க்யுமென்டில் 0 கொடுத்தால் விண்டோ மறையும். சோதிக்கும்போது 1 வைங்க. மறைந்த விண்டோ ஏதாவது கேட்டு நின்றால் ஆக்செஸ் உறைந்த மாதிரி இருக்கும், காரணமே தெரியாது.

கேட்டவர்:
53 போய்விட்டது, நன்றி. ரன்னுக்கு மாற்றியதும் புதிதாக -2147024894 வருகிறது. அதே பாதைதான்.

பதில் 2:
"ஃபைல் கிடைக்கவில்லை" என்பதுதான் அந்த எண். "புரோகிராம் ஃபைல்ஸ்" நடுவில் உள்ள இடைவெளியில் பாதை வெட்டுப்படுகிறது. ஷெல் இதைப் பெரும்பாலும் சமாளிக்கும், ரன் சமாளிக்காது. எக்ஸிஇ பாதை, ஜிப் பாதை, சிஎஸ்வி பாதை மூன்றுக்கும் தனித்தனியாக முன்னும் பின்னும் சிஎச்ஆர்(34), அதாவது இரட்டை மேற்கோள் குறி, சேருங்க. மொத்த வரியையும் டீபக் பிரிண்டில் போட்டு, கண்ட்ரோல்+ஜி அழுத்தி வரும் விண்டோவிலிருந்து எடுத்து கமாண்ட் பிராம்ப்டில் ஒட்டிப் பாருங்க. அங்கே ஓடாதது ஆக்செஸிலும் ஓடாது.

பதில் 1:
7-ஜிப் சொல்லும் எர்ரரை நின்று படிக்க வேண்டுமானால் வரியின் முன்னால் "சிஎம்டி /கே" சேர்க்கலாம், விண்டோ மூடாது. ஆனால் சிஎம்டி முதல் மேற்கோளையும் கடைசி மேற்கோளையும் உரித்துவிடும். அதனால் மொத்த கட்டளையையும் சுற்றி இன்னொரு ஜோடி மேற்கோள் வேண்டும். சோதித்து முடிந்ததும் அதை எடுத்துவிடுங்க. /கே இருக்கும்வரை அந்த விண்டோவைக் கையால் மூடினால்தான் ரன் அடுத்த வரிக்குப் போகும்.