அம்மா வீட்டு ஹால்ல கேமரா வச்சேன், அம்மா துண்டு போட்டு மூடிட்டாங்க. யார் பக்கம் நியாயம்?

கரிசக்காட்டான்:
சொந்த ஊரு கோவில்பட்டி பக்கம், வேலை பெங்களூர்ல. அப்பா போய் ரெண்டு வருசம் ஆச்சு, அம்மாவுக்கு 68, தனியாத்தான் இருக்காங்க. போன ஐப்பசில பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, காலைல பால்காரர் வந்து சத்தம் குடுக்குற வரைக்கும் அப்படியே கெடந்துருக்காங்க. எனக்கு தகவல் வந்ததே பத்து மணிக்கு. அதுக்கப்புறம்தான் ஹால்ல ஒன்னு அடுப்படில ஒன்னு வைஃபை கேமரா மாட்டுனேன். ரெண்டு மாசம் ஒன்னும் சொல்லல. இப்ப ஒரு வாரமா ஆப்ப தொறந்தா கட்டம் போட்ட துணிதான் தெரியுது, அப்பாவோட துண்டு. கேட்டா "தூசி விழுதுப்பா"ங்காங்க. தங்கச்சி என்னைய காய்ச்சி எடுக்கா. நான் செஞ்சது தப்பா?

ஓஎம்ஆர்_வாசி:
இதுல என்ன ப்ரோ தப்பு. எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப வீட்ல யாரும் இல்ல. ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம், நாங்க கொண்டு போய் சேக்குறதுக்குள்ள அந்த டைம் தாண்டிடுச்சு, இன்னிக்கும் வலது கை வரல. அன்னைக்கு ஒரு கேமரா இருந்திருந்தா? ப்ரைவசி கிரைவசின்னு பேசறவங்க எல்லாம் இத பாக்காதவங்க. துண்ட எடுத்துட்டு இன்னும் மேல எட்டாத இடத்துல மாட்டுங்க.

விஜி_அம்மா:
தம்பி, நான் உங்க அம்மா வயசுக்காரி, என் மகனும் வச்சான், அதனால சொல்றேன். கேமரா வர்றதுக்கு முன்னாடி தினம் ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணுவான், "சாப்ட்டியாம்மா"ன்னு ஒரு வார்த்தை. கேமரா வந்தப்புறம் சாப்பிட்டத அவனே பாத்துக்கிறான், போன் நின்னு போச்சு. அப்புறம் போன் வந்தா எதுக்கு வரும்? "ஏன்மா பதினோரு மணி வரைக்கும் லைட் எரியுது", "அந்த ஸ்டூல்ல ஏன் ஏறுன". ஹால்ல காலை நீட்டி உக்கார, புடவைய தளர்த்திக்க, அவர் போட்டோவப் பாத்து நாலு வார்த்தை பேச, எல்லாத்துக்கும் கூச்சம். நானும் மூடித்தான் வச்சேன், என்னது காலண்டர்.

ஓஎம்ஆர்_வாசி:
@விஜி_அம்மா மா, உங்க மகன் போன் பண்ணாதது அவரோட தப்பு, கேமராவோட தப்பு இல்லயே.

விஜி_அம்மா:
சரிதான்ப்பா. ஆனா "பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்"னு அவனுக்கு ஒரு நிம்மதி வந்துருச்சுல்ல, அத குடுத்தது எது?

ஊர்க்குருவி:
சுத்தி வளைக்காம கேக்கறேன், அம்மாவ ஏன் கூட கூட்டிட்டு போகல? பெத்து வளத்தவங்கள தனியா விட்டுட்டு கேமரா மாட்டுறதுக்கு பேரு பாசமா? இவங்கள எல்லாம் கோர்ட்டுல நிறுத்தணும்.

கரிசக்காட்டான்:
@ஊர்க்குருவி கூட்டிட்டு போனேன் அண்ணாச்சி. ஏழாவது மாடி. நானும் வீட்டம்மாவும் எட்டு மணிக்கு கெளம்புனா ராத்திரிதான் வருவோம், பிள்ளை பள்ளிக்கூடம். பக்கத்து வீட்டு அம்மா கன்னடம், இவங்க தமிழ். லிஃப்ட்ல தனியா போக பயந்து கீழ எறங்கவே மாட்டாங்க, பால்கனில உக்காந்து போற கார எண்ணுவாங்க. சிவப்பு கலரு மட்டும் எண்ணுவேன்னு ஒரு நாள் சொன்னாங்க, எனக்கு சோறு எறங்கல. நாப்பதாவது நாள் "ஊருல முருங்க பூத்துருக்கும்"னு சொல்லி பையத் தூக்கிட்டாங்க.

மருமகள்_பேசறேன்:
"கூட வச்சுக்கோ"ன்னு ஈசியா சொல்றவங்க வீட்ல யார் வேலைய விடுறான்னும் சேத்து சொல்லுங்க. எங்க வீட்ல நான்தான் விட்டேன். மாமியார நான் குறை சொல்லல, டயப்பர் மாத்துறதுல இருந்து எல்லாம் நான்தான், ஆனா வெளிய பேரு "மகன் தாங்குறான்". ரெண்டு வருசம் தூக்கம் கெட்டு கடைசில டாக்டர்கிட்ட போனது நான். இதையெல்லாம் யாரும் எழுத மாட்டீங்க.

ஊர்க்குருவி:
அந்தக் காலத்துல எல்லாரும் ஒன்னாத்தான இருந்தாங்க??

மருமகள்_பேசறேன்:
இருந்தாங்க, ஒரு வீட்ல நாலு மருமகள் இருந்தாங்க, அதான் முடிஞ்சுது. இப்ப ஒத்தப் பிள்ளை, இல்லன்னா ரெண்டு. கணக்குப் போட்டுப் பாருங்க.

வாய்தா_வக்கீல்:
கோர்ட்டுன்னு ஒருத்தர் சொன்னதால எழுதறேன். 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பெத்தவங்க ஆர்டிஓ-கிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுத்து மாசம் 10,000 வரைக்கும் பராமரிப்புத் தொகை கேக்கலாம். பாத்துக்கிறேன்னு சொல்லி சொத்த எழுதி வாங்கிட்டு கைவிட்டா பிரிவு 23-ல பத்திரத்தையே ரத்து பண்ணலாம், 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவ முதியவங்களுக்கு சாதகமாத்தான் பாத்துச்சு. ஆனா இவர் கேஸ் அது இல்ல. பணம் குடுக்க வைக்கலாம், சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பேச வைக்க எந்தப் பிரிவும் கெடையாது. 14567 முதியோர் உதவி எண், அம்மா போன்ல போட்டு வைங்க.

விஜி_அம்மா:
இன்னொன்னு தம்பி. அம்மா முழங்கால் வலி, பசி இல்ல, தூக்கம் இல்லன்னு அடிக்கடி சொல்றாங்களா? எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, ஸ்கேன் எல்லாம் நார்மல். மனசு சரியில்லன்னு சொல்ல எங்க வயசுக்கு வாய் வராது, முட்டி வலின்னுதான் வரும். 14416-னு அரசாங்க மனநல நம்பர் இருக்கு, காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க. நான் மொட்டை மாடில நின்னு பேசினேன், மகனுக்குத் தெரியாது.

கரிசக்காட்டான்:
முட்டி வலி சொல்றாங்கம்மா. அப்பா போனதுல இருந்து.

நேத்து போன்ல கேட்டேன், எதுக்கு அப்பா துண்டுன்னு. ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "வேற துணி கைக்கு அகப்படல"ன்னாங்க. ஹால் கேமராவ கழட்டிடலாம்னு இருக்கேன், அடுப்படில இருக்கறதயும்தான். பாத்ரூமுக்கு கைப்பிடி வைக்க ஆசாரி வர்றாரு. கழுத்துல போடுற அவசர பட்டன் ஒன்னு விக்கிதாம்ல, அது வாங்கணும். வாசல்ல மட்டும் ஒரு கேமரா இருக்கட்டும்.

ஓஎம்ஆர்_வாசி:
பட்டன கழட்டி ஆணில மாட்டிட்டுத்தான் குளிக்கப் போவாங்க ப்ரோ, எழுதி வச்சுக்கோங்க. நான் இன்னும் கேமரா கட்சிதான்.

ஊர்க்குருவி:
வாசல்ல வச்சா எதிர் வீட்டுக்காரன் எங்க வீட்டப் பாக்குதுன்னு சண்டைக்கு வருவான். அதையும் உங்க அம்மாதான் சமாளிக்கணும்.